யு-கி-ஓ: இருட்டு யாருடையது?

ஜப்பானிய அனிமே ரசிகர்களிடையே ஒரு பேச்சு நெடுநாளாக உலவுகிறது. யு-கி-ஓ தொடருக்கு ‘சீசன் ஜீரோ’ என்று ஒன்று இருந்ததாம். சீட்டு விளையாட்டைப் பற்றிய சிறுவர் கதைக்குள் தண்டனை, பித்து, பழிவாங்கல் என்று இருட்டைக் கொண்டுவந்து கொட்டினார்களாம். அது ஆகாது என்று தடை செய்துவிட்டு, பிறகு ஒழுங்காக எடுத்தார்களாம். இந்தக் கதை அப்படியே தலைகீழாக நிற்கிறது. அந்த முதல் தொடர் எதையும் இருட்டாக்கவில்லை. மூலக் கதையிலேயே அடர்ந்து கிடந்த இருட்டைக் கொஞ்சம் நீர்க்கச் செய்துதான் திரையில் காட்டியது.

முதலில் பெயர். ‘சீசன் ஜீரோ’ என்பது ரசிகர்கள் வைத்தது. தோயே அனிமேஷன் தயாரித்து, டிவி அசாஹி அலைவரிசையில் 1998 ஏப்ரல் 4 முதல் அக்டோபர் 10 வரை 27 அத்தியாயங்களாக ஒளிபரப்பான அத்தொடரின் பெயர் ‘யு-கி-ஓ’, அவ்வளவுதான். உலகம் முழுக்கத் தெரிந்த ‘யு-கி-ஓ டூயல் மான்ஸ்டர்ஸ்’ 2000 ஏப்ரலில் டிவி டோக்கியோவில் தொடங்கியது. அதன் உயிரூட்டல் வேலையைச் செய்தது ஸ்டூடியோ கேலப். நிறுவனம் வேறு, அலைவரிசை வேறு, இயக்குநர் வேறு, குரல் நடிகர்களும் வேறு. இரண்டும் ஒரே கதையைத் தனித்தனியாகப் படமாக்கியவை. ஒன்று மற்றதன் முதல் பருவம் அல்ல.

இனி இருட்டுக்கு வருவோம். கசுகி தகஹாஷி 1996 செப்டம்பரில் வாராந்திர ஷோனென் ஜம்ப் இதழில் தொடங்கிய மங்கா என்னும் சித்திரக் கதையின் முதல் அத்தியாயத்தைப் புரட்டினாலே போதும். பள்ளியில் ஒழுங்கைக் காக்க வேண்டிய உஷியோ என்ற மாணவன், கூச்ச சுபாவமுள்ள யூகியைத் தேடி வருகிறான். உன்னைச் சீண்டும் இருவரையும் நான் அடித்து நொறுக்கிவிட்டேன், கூலியாக 2 லட்சம் யென் எடு என்கிறான். அன்றிரவு யூகிக்குள் உறங்கிக்கொண்டிருந்த இன்னொருவன் எழுகிறான். அவன் வைக்கும் ஆட்டம் இதுதான்: புறங்கையில் நோட்டுக்கட்டை வைத்துக்கொண்டு கத்தியால் குத்த வேண்டும், கத்தி துளைத்த நோட்டுகள் குத்தியவனுக்கு. ஓங்கிக் குத்தினால் பணம் கூடும், கையும் போகும். பேராசையை அளக்கும் தராசாக ஒரு மனிதனின் கையையே வைத்த காட்சி அது. தோற்கும் நிலையில் உஷியோ ஆட்ட விதியை மீறுகிறான். மறுநாள் உதிர்ந்த இலைகளையும் குப்பையையும் பணமென்று நம்பி வாரி இறைத்துக்கொண்டு, சித்தம் கலங்கிக் கிடக்கிறான். தோயே இந்தக் கதையைத் தன் முதல் அத்தியாயத்துக்கு எடுத்துக்கொண்டபோது கத்தி ஆட்டத்தை விட்டுவிட்டது. அதற்குப் பதிலாகச் சீட்டு எடுத்துக் கயிற்றில் ஏறும் போட்டியை வைத்தது. மங்காவின் தொடக்க அத்தியாயங்களில் இப்படித் தண்டனைகள் வரிசையாக வருகின்றன. உணவகத்தில் ஒரு பெண்ணைப் பிணையாகப் பிடித்த தப்பியோடிய கைதி, தன் கையில் வழிந்த வோட்காவும் லைட்டரின் நெருப்பும் சேர்ந்து எரிந்துபோகிறான்.

அப்படியானால் சீட்டு விளையாட்டு எங்கே? முதல் ஏழு தொகுதிகளில் அது பல ஆட்டங்களில் ஒன்று, அவ்வளவே. கைபா என்ற பணக்காரச் சிறுவன் யூகியின் தாத்தாவுடைய அரிய சீட்டு ஒன்றைத் திருடும் இடத்தில்தான் அது வருகிறது. அப்போது அதன் பெயர் ‘மேஜிக் அண்ட் விசார்ட்ஸ்’. ஒருமுறை வந்துபோக வேண்டிய அந்த ஆட்டத்துக்கு வாசகர்களிடம் கிடைத்த வரவேற்பே தகஹாஷியை அதன் பக்கம் திருப்பியது. மையமும் சரி, சந்தையும் சரி, பின்னால் வந்தவை. கொனாமியின் சீட்டு விளையாட்டு கடைக்கு வந்ததே 1999 பிப்ரவரியில், தோயே தொடர் முடிந்த பிறகு. ‘டூயல் மான்ஸ்டர்ஸ்’ என்ற பெயரும் முதலில் கொனாமியின் கேம்பாய் விளையாட்டுக்கு 1998 டிசம்பரில் வைத்ததுதான்.

தடை செய்தார்கள் என்பதற்கும் அடிப்படை இல்லை. தொடர் முடிந்து ஐந்து மாதத்தில், 1999 மார்ச் 6 அன்று, அதே தோயே நிறுவனம் சுமார் அரை மணி நேர யு-கி-ஓ படம் ஒன்றைத் திரையரங்குகளில் வெளியிட்டது. உடன் வந்தது முதல் டிஜிமான் குறும்படம். சிறுவர்களுக்கு ஆகாதென்று தூக்கி எறிந்த ஒன்றை எந்த நிறுவனமும் அடுத்த வசந்தத்திலேயே சிறுவர்களின் திருவிழாவுக்கு அழைத்து வராது. தொடரை இயக்கிய ஹிரோயுகி ககுதோவே அடுத்து டிஜிமான் அட்வென்ச்சர் தொடரை இயக்கினார்.

இரண்டு தொடர்களையும் அருகருகே வைத்தால் 1998-ஐச் சேர்ந்ததுதானே இருட்டாக இருக்கிறது, பிறகு எதற்கு வழக்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2000-இல் வந்ததைவிட அது கடுமையானது என்பதில் எனக்கு ஐயமில்லை. எவாஞ்சலியன் அனிமேயில் ஷின்ஜி என்ற சிறுவனுக்குக் குரல் கொடுத்த மெகுமி ஓகதா இதில் இரண்டு யூகிகளுக்கும் பேசியிருக்கிறார். நடுங்கும் சிறுவனும் தீர்ப்புச் சொல்பவனும் ஒரே தொண்டையிலிருந்து வரும்போது உடல் சிலிர்க்கத்தான் செய்கிறது. என் மறுப்பு அளவுகோலைப் பற்றியது. பின்னால் வந்த தொடரை இயல்பு என்று வைத்துக்கொண்டு முன்னதை அளந்தால், முன்னது பிறழ்வாகத்தான் தெரியும். இயல்பு எதுவென்று மங்காவிடம் அல்லவா கேட்க வேண்டும்? அங்கே கேட்டால் பெரிதாக விலகியது இரண்டாவதே. யூகியையும் நண்பர்களையும் கொல்வதற்கென்றே கைபா எழுப்பும் ‘டெத்-டி’ கேளிக்கைப் பூங்காவை அது முழுதாகத் தாண்டிவிட்டு, தாத்தாவின் சீட்டோடு முதல் அத்தியாயத்தைத் தொடங்கிவிடுகிறது. அதையும் 2001-இல் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோன 4கிட்ஸ் நிறுவனம், காலை அறுக்க வரும் ரம்பச் சக்கரங்களை மனத்தை ‘நிழலுலகுக்கு’ அனுப்பும் சக்கரங்களாக மாற்றியது. உலகில் பலர் இயல்பென்று நினைப்பது இப்படி இரண்டு முறை வடிகட்டியதைத்தான்.

தோயே தொடரும் மூலத்துக்கு முழு விசுவாசமாக இருந்துவிடவில்லை. மங்காவில் எட்டிப்பார்த்துவிட்டுப் போகும் மிஹோவை நண்பர் குழுவில் ஒருத்தியாக்கியது, கைபாவின் தலைமுடியைப் பச்சையாக்கியது. ஆனால் அது எடுத்துக்கொண்டது மங்காவின் முதல் ஏழு தொகுதிகளை. 38 தொகுதிகளையும் ஆங்கிலத்தில் கொண்டுவந்த விஸ் நிறுவனம் அவற்றை மூன்று தலைப்புகளாகப் பிரித்தது: இடையில் ‘டூயலிஸ்ட்’ என்று 24, கடைசியில் ‘மில்லேனியம் வேர்ல்ட்’ என்று 7. அடைமொழி எதுவும் இல்லாமல் ‘யு-கி-ஓ’ என்றே அச்சிட்டது, கத்தி ஆட்டத்தில் தொடங்கும் அந்த முதல் ஏழையும்தான்.