சர்க்கரைப் போர்வை போர்த்திய கிருமி

சென்னை அசோக் நகரில், நான்கு சிங்கத் தூணைச் சுற்றியுள்ள தெருக்களில் மாலை வேளையில் நடந்தால், குழந்தை மருத்துவரின் வாசலில் பெற்றோர் தடுப்பூசி அட்டையும் கையுமாகக் காத்திருப்பதைப் பார்க்கலாம். அந்த அட்டையில் உள்ள ஊசிகளில் பெரும்பாலானவை நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலே காசில்லாமல் கிடைப்பவைதாம். காசநோய், இளம்பிள்ளை வாதம், கக்குவான், ரண ஜன்னி, தட்டம்மை ஆகியவற்றுக்கான ஊசியோ சொட்டு மருந்தோ எல்லாம் அங்கே உண்டு. ஆனால் டைபாய்டு ஊசிக்கு ஏழையானாலும் பணக்காரரானாலும் பணம் கொடுத்தாக வேண்டியிருக்கிறது. அரசின் தேசியத் தடுப்பூசி அட்டவணையில் அது இன்னும் இடம்பெறவில்லை. அப்படி அந்த ஊசியில் என்னதான் இருக்கிறது?

முதலில் கிருமியைப் பார்ப்போம். அதன் பெயர் சால்மோனெல்லா டைஃபி. நோயாளியின் மலம் கலந்த நீர், உணவு வழியாக நம் குடலுக்குள் நுழைகிறது. பிறகு இரத்தத்தில் கலந்து மண்ணீரலிலும் எலும்பு மஜ்ஜையிலும் குடியேறுகிறது. நாளுக்கு நாள் ஏறும் காய்ச்சல் வாரக்கணக்கில் நீடிக்கும். கவனிக்காமல் விட்டால் குடலில் ஓட்டை விழுந்து உயிருக்கே ஆபத்தாகும்.

இந்தக் கிருமி தன் உடல் முழுவதும் ஒரு சர்க்கரைப் போர்வையைப் போர்த்திக்கொண்டிருக்கிறது. நாம் காப்பியில் போடும் சர்க்கரை அல்ல. பல சர்க்கரை மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்த பொருள். 1934-இல் ஃபெலிக்ஸ், பிட் என்னும் இரு விஞ்ஞானிகள் இதைக் கண்டறிந்து 'விஐ' என்று பெயரிட்டார்கள். நம் வெள்ளை அணுக்களின் கண்ணிலிருந்து தப்ப இப்போர்வை கிருமிக்கு உதவுகிறது.

அந்தப் போர்வையை மட்டும் உரித்தெடுத்து ஊசியாகப் போட்டால், உடல் அதை அடையாளம் கண்டு எதிர்ப்பொருள்களை உண்டாக்கும் அல்லவா? அப்படியே செய்தார்கள். ஆனால் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் அது பலிக்கவில்லை. பெரியவர்களுக்கும் சில ஆண்டுகளில் பலன் தேய்ந்துபோயிற்று.

காரணம் சுவையானது. எதிர்ப்பொருளை உண்டாக்குபவை 'பி' அணுக்கள். அவற்றைத் தூண்டி, 'இவனை நினைவில் வைத்துக்கொள்' என்று கட்டளையிடுபவை 'டி' அணுக்கள். இந்த 'டி' அணுக்களுக்குப் புரதம்தான் தெரியும், சர்க்கரை தெரியாது. கட்டளை கிடைக்காத 'பி' அணுக்கள் ஏதோ கொஞ்சம் வேலை செய்துவிட்டு மறந்துவிடுகின்றன. பச்சிளம் குழந்தையின் 'பி' அணுக்களோ அந்தக் கொஞ்ச வேலையைக்கூடச் செய்வதில்லை.

இதற்கு ஒரு தந்திரம் உண்டு. சர்க்கரையை ஒரு புரதத்தோடு இரசாயன முறையில் பிணைத்துவிடுவது! 1931-இலேயே ஏவரி, கோபெல் என்ற அமெரிக்க விஞ்ஞானிகள் நிமோனியாக் கிருமியின் சர்க்கரையைக் கொண்டு இதைச் செய்து காட்டினார்கள். 'பி' அணு சர்க்கரையைப் பிடித்து விழுங்கும்போது, ஒட்டியிருக்கும் புரதமும் உள்ளே போகிறது. அந்தப் புரதத் துண்டை 'பி' அணு வெளியே நீட்டிக் காட்ட, 'டி' அணு வந்து கட்டளை இடுகிறது. கட்டளை பிறந்தது புரதத்துக்காக. எதிர்ப்பொருள் உண்டாவதோ சர்க்கரைக்கு எதிராக!

ஐதராபாத்தில் தயாரான டைபாய்டு இணைப்புத் தடுப்பூசி இவ்வகைதான். அதிலுள்ள புரதம், நஞ்சு நீக்கிய ரண ஜன்னிப் புரதம். ஆறு மாதக் குழந்தைக்கே போடலாம். 2017 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனத்தின் தரச் சான்று பெற்றது. நேபாளத்தில் ஏறத்தாழ 20,000 சிறுவர்களிடம் சோதித்தபோது, நூற்றுக்கு 80 அளவில் நோயைத் தடுத்தது. இதே தந்திரத்தால் ஆன வேறு ஊசிகள் அரசு நிலையத்திலே இலவசமாகவே கிடைக்கின்றன. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் 2011 டிசம்பரில் முதன்முதலாகத் தொடங்கிய ஐந்து நோய்த் தடுப்பூசியில் ஒரு பகுதி இவ்வகையே.

டைபாய்டுக்குத்தான் மருந்து இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது, ஆனால் பல மருந்துகளுக்கு மசியாத டைபாய்டு கிருமி பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் 2016 முதல் பரவியது. அந்நாடு 2019-இல் இவ்வூசியைத் தேசியத் திட்டத்தில் சேர்த்தது. நம் நாட்டில் 2017 முதல் 2020 வரை வேலூர், தில்லி, கொல்கத்தா ஆகிய நகரங்களிலும் புனே அருகே கிராமப்புறத்திலும் சிறுவர்களைக் கண்காணித்தார்கள். நகரங்களில் ஆண்டுக்கு லட்சம் பேரில் 576 முதல் 1173 பேர் வரை டைபாய்டு கண்டது, கிராமப்புறத்தில் 35தான். நகரத்துச் சிறுவருக்கே இந்த ஊசி அதிகம் தேவை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். தேசிய நிபுணர் குழு 2022-இல் இதைப் பரிந்துரைத்துவிட்டது. காசு கொடுக்க முடிந்த வீட்டுக்கு மட்டும் காப்பு என்பது, அழுக்கு நீர் எல்லா வீட்டுக் குழாயிலும் வரக்கூடிய ஊரில் பொருந்தாத ஏற்பாடு.

பெரியவர்களுக்கும் இது உண்டு. ஓட்டலில் சமைப்போரும் பரிமாறுவோரும் குடற்காய்ச்சல் வகைக்கு ஊசி போட்டிருக்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன. ஆனால் ஏற்கெனவே பித்தப்பையில் கிருமியைச் சுமந்துகொண்டிருப்பவரை ஊசி குணமாக்காது. அவர் கையைச் சோப்புப் போட்டுக் கழுவியே ஆக வேண்டும்.

இன்று உங்கள் அட்டையை எடுத்து, டைபாய்டு ஊசி போட்ட தேதி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும் காய்ச்சல் நீடித்தால் இரத்தப் பரிசோதனை வேண்டும். டைபாய்டின் தம்பியான பாராடைபாய்டு 'ஏ' கிருமியை இந்த ஊசி தடுக்காது. ஏன் என்று இப்போது நீங்களே சொல்லிவிடுவீர்கள்: அதற்கு அந்தப் போர்வை கிடையாது.