மறுமணம் செய்தால் வீட்டில் பங்கு போய்விடுமா?

கேள்வி: என் கணவர் 2019-ல் மாரடைப்பில் இறந்தார். தனியார் கம்பெனியில் வேலை பார்த்தவர். அவர் கிரயம் வாங்கிய வீட்டில் இரண்டு பிள்ளைகளோடு (13, 9 வயது) மாமியார், கொழுந்தனாருடன் இருக்கிறேன். மனைவியை இழந்த ஒருவரும் நானும் ஓராண்டாகப் பேசிப் பழகி, திருமணம் செய்ய முடிவெடுத்துள்ளோம். 'இன்னொருத்தனைக் கட்டினால் இந்த வீட்டில் உனக்கு ஒன்றும் கிடையாது' என்கிறார்கள். கணவரின் காரியம் முடிந்த வாரமே ஸ்டாம்பு பேப்பரில் என் கையெழுத்தை வாங்கினார்கள். என்ன எழுதியிருந்தது என்று தெரியாது. எனக்குப் பங்கு உண்டா?
– வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: உங்கள் கடிதம் நான்கு பக்கம். வழக்கோ ஒரே இடத்தில் நிற்கிறது: கணவர் இறந்த நாளில் வீடு யார் பெயரில் இருந்தது? அவர் பெயரில் கிரயமாகி, அவர் உயில் எழுதாமல் இறந்திருந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி நீங்கள், மாமியார், இரு பிள்ளைகள் ஆகிய நால்வருக்கும் ஆளுக்குக் கால் பங்கு. கொழுந்தனாருக்கு எதுவும் இல்லை. அந்தக் கால் பங்கு கணவர் இறந்த நொடியிலேயே உங்களுடையதாகிவிட்டது. மறுமணம் அதைப் பறிக்காது.

மறுமணம் செய்த விதவையை இறந்தவளாகப் பாவித்து, கணவர் சொத்தில் அவளுக்கிருந்த உரிமையை முடித்துவைத்தது 1856-ம் ஆண்டுச் சட்டம். அது 1983-லேயே நீக்கப்பட்டது. 1956-ம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டப்படி கிடைத்த பங்கு மறுமணத்தால் போகாது என்று செரோட்டே சுகதன் வழக்கில் 2008-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆனால் வீடு மாமனார் பெயரிலோ பூர்வீகச் சொத்தாகவோ இருந்தால் கணக்கு மாறும். பத்திரத்தைப் பார்க்காமல் அதற்கு நான் பதில் சொல்ல மாட்டேன்.

இத்தனை ஆண்டுகளாக வாரிசுச் சான்றிதழ்கூட வாங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். படிக்கவே வேதனையாக இருக்கிறது. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் தாசில்தார் தரும் சான்று அது. பத்திரம் கொழுந்தனாரிடம், பட்டா யார் பெயரில் என்று தெரியாது, வரி ரசீது இல்லை. இதையெல்லாம் விட்டுவிட்டு, படிக்காமல் கையெழுத்து வேறு! துக்க வீட்டில் நீட்டும் காகிதத்தில் எந்தப் பெண்ணும் கையெழுத்துப் போடக் கூடாது. பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் சார்பதிவாளர் முன் பதிவானால்தான் செல்லும். ஸ்டாம்பு பேப்பரில் கையெழுத்து மட்டும் போட்டதால் பங்கு போய்விடாது. மைனர் பிள்ளைகளின் பங்கை நீதிமன்ற அனுமதியின்றி விட்டுக்கொடுக்க உங்களாலும் முடியாது. ஆனாலும் அந்தக் காகிதத்தில் பின்னால் எதை வேண்டுமானாலும் நிரப்பலாம் என்பதால், அதை மறுத்து உடனே வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள்.

சார்பதிவாளர் அலுவலகத்தில் கிரயப் பத்திரத்தின் நகலுக்கும், கணவர் வீடு வாங்கிய ஆண்டிலிருந்து வில்லங்கச் சான்றுக்கும் மனுப் போடுங்கள். பி.எஃப். வழியாக விதவை ஓய்வூதியம் வந்தால் மறுமணத்தோடு அது நின்றுவிடும், மறைத்து வாங்காதீர்கள். பிள்ளைகளின் ஓய்வூதியம் தனி. மறுமணத்துக்குப் பின் நீங்கள் உயில் எழுதாமல் இறந்தால், உங்கள் பங்கில் புதுக் கணவரும் பிள்ளைகளோடு வாரிசாவார். அந்தக் கால் பங்கு பிள்ளைகளுக்கே சேர வேண்டுமானால் உயில் எழுதி வையுங்கள்.

இது கடிதத்தை மட்டும் நம்பிச் சொன்ன பதில். எல்லா நகல்களோடும் உங்கள் ஊர் சிவில் வழக்கறிஞரை இந்த மாதமே நேரில் பாருங்கள். அவர் ஆவணங்களைப் பார்க்கும்வரை எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள், வீட்டை விட்டும் வெளியேறாதீர்கள். திருமணத்தை இதற்காகத் தள்ளிப்போட வேண்டியதில்லை.