வருகையாளர் சந்தாதாரராவது எவ்வாறு?

தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் – க.பொ.த. (சாதாரண தரம்)
அலகு: இணைய ஊடகமும் அதன் பெறுநரும்



இணையத்தளம் ஒன்றுக்கு வருபவர் வேறு, அதன் சந்தாதாரர் வேறு. விடைத்தாளில் இவ்விரு சொற்களையும் மாறி மாறி எழுதுபவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கின்றார்கள். எனவே வேறுபாட்டிலிருந்தே பாடத்தைத் தொடங்குவோம்.

காலையில் சந்திக் கடையில் தொங்கும் பத்திரிகையின் தலைப்பை நின்று வாசித்துவிட்டுப் போகிறவரை நினைத்துப் பாருங்கள். அவர் யார், எந்த ஊர், நாளைக்கும் வருவாரா என்பதெல்லாம் பத்திரிகை அலுவலகத்துக்குத் தெரியாது. வீட்டுக்குப் பத்திரிகை போடச் சொல்லியிருப்பவரின் நிலை அப்படியல்ல. அவருடைய படலை எதுவென்று பத்திரிகை போடும் பையனுக்குத் தெரியும். மழை பெய்தாலும் பத்திரிகை அவரிடம் போய்ச் சேரும். முன்னவர் வருகையாளர், பின்னவர் சந்தாதாரர்.

இணையத்திலும் இதுவே நடக்கின்றது. ஒரு பக்கத்தை எத்தனை தடவை திறந்தார்கள் என்பதைத் தளத்தை நடத்துபவர் எண்ணிப் பார்க்கலாம். ஆனால் திறந்தவரை மறுபடியும் அழைக்க அவரிடம் வழி இல்லை. தேடுபொறியோ சமூக வலைத்தளமோ மீண்டும் கொண்டுவந்து விட்டால்தான் உண்டு. யாருக்கு எதைக் காட்டுவது என்று தீர்மானிப்பதும் அந்த நிறுவனங்களே. வருகையாளர் தமது மின்னஞ்சல் முகவரியைத் தாமாகவே கொடுத்து, “புதியவை வந்தால் எனக்கு அனுப்புங்கள்” என்று சம்மதித்தால் இந்த இடைத்தரகர் தேவையில்லாமற் போகின்றது. சந்தா என்றவுடன் பணம் என்று எண்ண வேண்டாம். இங்கே பெரும்பாலும் பணம் கைமாறுவதில்லை. கைமாறுவது முகவரியும் அதனோடு சேர்ந்த சம்மதமுமே. “சம்மதம்” என்ற சொல்லை அடிக்கோடிட்டு வையுங்கள், பின்னர் அதற்குத் திரும்புவோம்.

மாற்று வீதம்

வந்தவர்களுள் எத்தனை பேர் சந்தாதாரராகின்றனர் என்பதைக் காட்டும் அளவே மாற்று வீதம் ஆகும்.

மாற்று வீதம் = (சந்தாதாரரானோர் தொகை ÷ வருகையாளர் தொகை) × 100

உதாரணமாக 1,250 பேர் வந்து 50 பேர் முகவரி கொடுத்தால் மாற்று வீதம் 4% ஆகும். கணக்கு இலகுவானது. கடினமானது அந்த 4ஐ 5 ஆக்குவது. அது எவ்வாறு செய்யப்பட்டது என்பதற்கு எண்களோடு பதிவான ஓர் உண்மைச் சம்பவத்தை நோக்குவோம். இதைத் தெரிந்து வைத்திருப்பவர், கட்டுரை வினாவுக்கு “கவர்ச்சியாக அமைத்தல் வேண்டும்” என்ற வெறும் வசனத்தோடு நிற்க மாட்டார்.

2007 டிசம்பர்: ஒரு பொத்தானும் ஒரு படமும்

ஐக்கிய அமெரிக்காவில் 2008ஆம் ஆண்டு ஜனாதிபதித் தேர்தல் நடைபெற்றது. அதற்கு முன், 2007 டிசம்பரில், பராக் ஒபாமா தமது கட்சியின் வேட்பாளர் நியமனத்துக்காகப் போட்டியிட்டுக்கொண்டிருந்தார். அவருடைய இணையத்தளத்துக்கு வருபவர்கள் முதலில் ஒரு வரவேற்புப் பக்கத்தைக் காண்பார்கள். அதில் ஒபாமாவின் படம், மின்னஞ்சல் முகவரியையும் தபாற் குறியீட்டையும் எழுதுவதற்கான இரண்டு கட்டங்கள், அருகே “பதிவு செய்க” என்ற பொருளில் ஒரு பொத்தான் என்பன இருந்தன. கூகுள் நிறுவனத்திலிருந்து வந்து இப்பிரசாரத்தில் சேர்ந்த டான் சிரோக்கர் என்பவரின் குழு, இப்பக்கத்தைச் சோதித்துப் பார்க்க முடிவு செய்தது.

பொத்தானில் எழுதுவதற்கு நான்கு வாசகங்களை எடுத்தார்கள். தமிழில் சொன்னால் அவை “பதிவு செய்க”, “மேலும் அறிக”, “இப்போதே எம்முடன் இணைக”, “இப்போதே பதிவு செய்க” என்பனவாகும். பக்கத்தின் மேற்பகுதிக்கு ஆறு தெரிவுகள்: மூன்று படங்களும் மூன்று காணொளிகளும். 4 × 6 = 24 சேர்மானங்கள். வருகின்ற ஒவ்வொருவருக்கும் இந்த 24இல் ஒன்று எழுமாற்றாகக் காட்டப்பட்டது. மொத்தம் 310,382 வருகையாளர்கள். ஒவ்வொரு சேர்மானத்தையும் ஏறத்தாழ 13,000 பேர் பார்த்தார்கள்.

எழுமாற்றாகக் காட்டியது ஏன்? இங்கே சற்று நிற்க வேண்டும். இந்த வாரம் ஒரு பக்கம், அடுத்த வாரம் இன்னொரு பக்கம் என்று மாற்றிப் பார்த்திருந்தால், இரண்டாவது வாரத்தில் ஒரு பெரிய தொலைக்காட்சி விவாதம் நடந்திருக்கலாம். அதனால் ஆட்கள் கூடுதலாகப் பதிந்திருப்பார்கள். பெருமை மட்டும் புதிய பொத்தானுக்குப் போயிருக்கும். எங்கள் ஊரிலும் பாருங்கள்: வகுப்பு விளம்பரத்தின் ஒரு வடிவத்தை ஓகஸ்ட் விடுமுறையிலும் மற்றையதைப் பரீட்சைக்கு இரண்டு மாதம் முன்னரும் ஒட்டிவிட்டு, “இரண்டாவது வடிவம் நல்லது” என்று சொன்னால் அதிற் பொருளுண்டா? ஒரே காலத்தில், ஒரே வகையான ஆட்களிடம், ஒன்றை மட்டும் மாற்றிக் காட்டினால்தான் ஒப்பீடு நியாயமாகும். விஞ்ஞான பாடத்தில் கட்டுப்பாட்டுப் பரிசோதனை என்று படித்தீர்களே, அதன் தம்பிதான் இது.

முடிவு வருவதற்கு முன் குழுவினருக்குள் ஓர் எதிர்பார்ப்பு இருந்தது. காணொளி ஒன்றே வெல்லும் என்று பலர் நம்பினார்கள். ஆனால் மூன்று காணொளிகளும் மூன்று படங்களுக்கும் பின்னாலேயே நின்றன. வென்றது, ஒபாமா தமது மனைவி, பிள்ளைகளோடு இருக்கும் குடும்பப் படமும் “மேலும் அறிக” என்ற பொத்தானும் சேர்ந்த பக்கம். பழைய பக்கத்தின் மாற்று வீதம் 8.26%. வென்ற பக்கத்தின் மாற்று வீதம் 11.6%.

இனித்தான் புள்ளிகளை இழக்கும் இடம். “8.26இலிருந்து 11.6 ஆக உயர்ந்தது, ஆகவே 3.34 சதவீத அதிகரிப்பு” என்று எழுதினால் அது பிழை. 3.34 என்பது இரண்டு சதவீதங்களுக்கு இடையிலான வித்தியாசம். அதைச் சதவீதப் புள்ளி என்று சொல்ல வேண்டும். அதிகரிப்பைச் சதவீதமாகக் காண்பதற்குப் பழைய அளவால் வகுக்க வேண்டும்:

3.34 ÷ 8.26 × 100 = ஏறத்தாழ 40%

அதாவது அதே கூட்டம் வந்து போக, பதிவுகள் மட்டும் ஐந்தில் இரண்டு பங்கு கூடின. பிரசாரம் முடியும்போது அப்பக்கத்தின் மூலம் ஏறக்குறைய 1 கோடிப் பேர் பதிந்திருந்தனர். பழைய வீதமே இருந்திருந்தால் எத்தனை பேர்?

1 கோடி × 8.26 ÷ 11.6 = ஏறத்தாழ 71 இலட்சம்

மிச்சம் 29 இலட்சம் முகவரிகள். ஒரு முகவரிக்குச் சராசரியாக 21 டொலர் நன்கொடை கிடைத்தது என்ற கணக்கில், சுமார் 6 கோடி டொலர் மேலதிகமாக வந்தது என்று சிரோக்கர் மதிப்பிட்டார். இது மதிப்பீடு என்பதை மறக்க வேண்டாம். டிசம்பரில் அளந்த வீதமே கடைசி வரை நீடித்தது என்ற எடுகோளின் மேல்தான் அது நிற்கின்றது. நல்ல மாணவர் இந்த எடுகோளையும் ஒரு வசனத்திற் குறிப்பிடுவார்.

“மேலும் அறிக” ஏன் வென்றது? சோதனை இதற்குப் பதில் சொல்லாது. எது வென்றது என்பதை மட்டுமே அது காட்டும். காரணத்தை நாங்கள் ஊகிக்கின்றோம், அதை ஊகம் என்றே எழுத வேண்டும். என்னுடைய கருத்து இது: “பதிவு செய்க”, “இணைக” என்பன முதற் சந்திப்பிலேயே ஒரு கடப்பாட்டைக் கேட்கின்றன. “மேலும் அறிக” என்பது கேட்பதற்கு முன்பு கொடுப்பதாகச் சொல்கின்றது. வாசலில் நிற்பவரிடம் “உள்ளே வந்து இருங்கோ” என்பதற்கும் “எங்கள் சங்கத்திற் சேருங்கோ” என்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். குடும்பப் படம் வென்றதற்கும் இப்படி ஒரு விளக்கம் சொல்லலாம். ஆனால் வேறொரு நாட்டில், வேறொரு விடயத்துக்கு அதே படமும் அதே சொல்லும் வெல்லும் என்று எழுதிவிடாதீர்கள். எங்கும் செல்லுபடியாவது சோதிக்கும் முறை மட்டுமே.

சம்மதம்

முகவரி இருந்தாற் போதும், அனுப்பலாம் என்று நினைத்தவர்களும் இருந்தார்கள். 1978 மே மாதத்தில் டிஜிட்டல் எக்குவிப்மென்ட் கோர்ப்பரேஷன் என்ற கணினி நிறுவனத்தின் விற்பனைப் பிரிவைச் சேர்ந்த கெரி தூர்க், இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெற் வலையமைப்பின் பாவனையாளர்கள் சுமார் 400 பேருக்குக் கேளாமலே விளம்பரம் அனுப்பினார். வலையமைப்பை நிர்வகித்தவர்களிடமிருந்து கண்டனம் வந்தது. வேண்டா அஞ்சலின் முதல் உதாரணமாக இன்று இதையே குறிப்பிடுகின்றார்கள். அனுப்பியவரிடம் முகவரி இருந்தது, பெற்றவரின் சம்மதம் இருக்கவில்லை.

இதனாற் பல நாடுகள் சட்டம் இயற்றின. அமெரிக்காவின் 2003ஆம் ஆண்டுச் சட்டம், வர்த்தக மின்னஞ்சலில் விலகிக்கொள்ளும் வழி இருக்க வேண்டும் என்கின்றது. ஐரோப்பிய ஒன்றியம் இன்னும் கடுமையானது. 2018 மே 25 முதல் நடைமுறையிலுள்ள அதன் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதியின்படி சம்மதம் சுயவிருப்போடும் தெளிவான செயலோடும் தரப்பட வேண்டும். முன்கூட்டியே சரி அடையாளம் இடப்பட்ட கட்டம் சம்மதம் ஆகாது. எங்கள் நாட்டிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டுள்ளது. பகுதி பகுதியாக நடைமுறைக்கு வரும் வகையில் ஆக்கப்பட்ட சட்டம் அது.

நேர்மையான தளங்கள் இன்னொரு படியையும் சேர்க்கின்றன. நீங்கள் முகவரி கொடுத்ததும் அந்த முகவரிக்கு ஒரு மின்னஞ்சல் வரும். அதிலுள்ள இணைப்பை அழுத்தினால்தான் பதிவு முழுமையாகும். இதனை இருபடி உறுதிப்படுத்தல் எனலாம். உங்கள் முகவரியை வேறொருவர் விளையாட்டாகக் கொடுத்துவிட்டாலும் நீங்கள் அழுத்தாதவரை பதிவு இல்லை. சிலர் இரண்டாவது படியை மறந்துவிடுவதால் மாற்று வீதம் கொஞ்சம் குறையும். குறைந்தாலும், மிஞ்சுபவர்கள் உண்மையில் வாசிக்க விரும்புபவர்கள்.

இதுவரை தளத்தை நடத்துபவரின் பக்கத்தில் நின்று பார்த்தோம். நீங்களோ பெரும்பாலும் படிவத்தின் மறுபக்கத்தில் நிற்பவர்கள். கடந்தகால வினாத்தாள், மாதிரி விடை, புலமைப்பரிசில் அறிவித்தல் என்று தேடிப் போகும்போது பல தளங்கள் விபரம் கேட்கும். வினாத்தாள் அனுப்ப மின்னஞ்சல் முகவரி வேண்டும், அது நியாயம். தொலைபேசி இலக்கம் எதற்கு? வீட்டு விலாசம் எதற்கு? இந்தப் பரீட்சைக்காகவே எடுத்த தேசிய அடையாள அட்டையின் இலக்கத்தைக் கேட்டால் உடனே பக்கத்தை மூடிவிடுங்கள். 12 இலக்கங்களைக் கொண்ட புதிய அடையாள எண்ணில் முதல் நான்கும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாளில் பிறந்தீர்கள் என்பதைக் காட்டும், பெண்களுக்கு அதனுடன் 500 கூட்டப்பட்டிருக்கும். ஒரு எண்ணைக் கொடுத்தால் பிறந்த திகதியையும் பாலையும் சேர்த்தே கொடுத்ததாகிவிடும். கேட்கும் விபரத்துக்கும் தரும் சேவைக்கும் தொடர்பு உண்டா என்பதுதான் ஒரு படிவத்தைக் கண்டவுடன் எழுப்ப வேண்டிய வினா. பரீட்சையில் “படிவத்தின் குறைபாடுகளைக் குறிப்பிடுக” என்று வந்தாலும் இதே வினாவே விடைக்கு வழிகாட்டும்.

மாதிரி வினா

ஒரு பாடசாலைத் தமிழ் மன்றம் தனது இணையத்தளத்தில் இரு படிவங்களை ஒரே வாரத்தில் எழுமாற்றாகக் காட்டியது. படிவம் அ: பெயர், தொலைபேசி இலக்கம், விலாசம், மின்னஞ்சல். 600 பேர் பார்த்தனர், 18 பேர் பதிந்தனர். படிவம் ஆ: மின்னஞ்சல் மட்டும். 600 பேர் பார்த்தனர், 45 பேர் பதிந்தனர். (i) இரு மாற்று வீதங்களையும் காண்க. (ii) அதிகரிப்பைச் சதவீதப் புள்ளியிலும் சதவீதத்திலும் தருக. (iii) இம்முடிவிலிருந்து கூறக்கூடியது ஒன்றையும் கூற முடியாதது ஒன்றையும் எழுதுக.

விடை: (i) அ: 3%. ஆ: 7.5%. (ii) 4.5 சதவீதப் புள்ளி. 4.5 ÷ 3 × 100 = 150%. (iii) கூறக்கூடியது: இவ்வாரம் வந்தவர்களிடையே படிவம் ஆ கூடுதலான பதிவுகளைப் பெற்றது. கூற முடியாதது: நீக்கப்பட்ட மூன்று விபரங்களுள் எது ஆட்களைத் தடுத்தது என்பது. மூன்றும் ஒரே நேரத்தில் நீக்கப்பட்டுள்ளன.

பயிற்சி

1. வருகையாளர், சந்தாதாரர் ஆகிய இருவரையும் உதாரணத்துடன் வேறுபடுத்துக.
2. மேற்படி மன்றம், தொலைபேசி இலக்கம் கேட்பதுதான் தடையா என்று அறிய விரும்புகின்றது. அடுத்த வாரம் எந்த இரு படிவங்களைக் காட்ட வேண்டும்?
3. நீங்கள் அண்மையில் நிரப்பிய ஏதாவது ஒரு படிவத்தை நினைவுக்குக் கொண்டுவருக. அதில் கேட்கப்பட்ட விபரங்களைப் பட்டியலிட்டு, சேவைக்குத் தேவையற்றவற்றின் கீழ்க் கோடிடுக.