விசுவாசம் வாழ்வாகட்டும்

காலையும் மாலையும் செபிக்கிறோம். ஞாயிறு தவறாமல் திருப்பலி காண்கிறோம். ஆனால் நம் விசுவாசம் ஆலய வாசலோடு நின்றுவிடலாமா? சிறுமலர் புனித தெரேசாவின் வாழ்வு இதற்கு நல்ல விடை தருகிறது.

1873ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் பிறந்த இவர், தம் 15ஆம் வயதில் லிசியூ நகரின் கார்மேல் மடத்தில் சேர்ந்தார். அங்கே நடக்கச் சிரமப்பட்ட முதிய சகோதரி ஒருவர் இருந்தார். எளிதில் சினங்கொள்பவர். மாலையில் அவரைக் கைத்தாங்கலாக உணவறைக்கு அழைத்துச் செல்லும் பணியைத் தெரேசா தாமே விரும்பி ஏற்றார். வேகமாக நடந்தாலும் குறை. மெதுவாக நடந்தாலும் குறை! தெரேசாவோ முகம் சுளிக்காமல், அவருக்கு ரொட்டியையும் துண்டாக்கிக் கொடுத்துப் புன்னகையோடு விடைபெறுவார்.

1896ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாக் காலம் முதல் அவர் உள்ளத்தை இருள் சூழ்ந்தது. விண்ணகம் உண்டா என்னும் ஐயமே அவரை வாட்டியது. உடலையோ காசநோய் உருக்கியது. ஆயினும் செபத்தை அவர் கைவிடவில்லை. உணர்ச்சி ஓய்ந்த பின்னும் நிலைத்து நிற்பதன்றோ விசுவாசம்! 1897இல், 24ஆம் வயதில், இறைவனடி சேர்ந்தார். மடத்துக்குள்ளேயே வாழ்ந்து மறைந்த இவரைத் திருச்சபை 1927இல் மறைபரப்புப் பணியின் பாதுகாவலியாக அறிவித்தது.

அன்புத் தோழியரே, படுக்கையில் இருக்கும் பாட்டிக்குக் கஞ்சி ஊட்டுவதும், முகம் திருப்பிக்கொண்ட தோழியிடம் முதலில் பேசுவதும், மனம் ஒன்றாத நாளிலும் செபமாலையைக் கையில் எடுப்பதும் விசுவாசமே. பெரிய காரியங்களுக்காகக் காத்திராமல், இன்றைய சிறு கடமையை இறையன்புக்காகச் செய்வோம்.