பீரோவில் இருக்கும் உன் கார்டு

அரியாங்குப்பம்,
ஞாயிறு காலை.

அன்பு மருமகனுக்கு மாமா எழுதுவது.

உன் புது ஏ.டி.எம். கார்டு வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை ஸ்பீடு போஸ்டில் வந்ததை என் அக்கா, உன் அம்மாதான் கையெழுத்துப் போட்டு வாங்கினாள். கவரைப் பிரிக்கவில்லை. மேலே விரலை ஓட்டினால், உள்ளே தாளில் ஒட்டியிருக்கிற கார்டின் விளிம்பு தட்டுப்படுகிறது. அவள் வீட்டு பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் இருந்தது, இப்போது என் வீட்டு பீரோவுக்கு வந்திருக்கிறது. அது ஏன் இடம் மாறியது என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். போனில் சொன்னால் "சரி மாமா, சரி மாமா" என்று வைத்துவிடுவாய்.

வியாழக்கிழமை சாயங்காலம், கொல்லையில் வெட்டிய வாழைக்காயைக் கொடுக்கப் போனேன். அக்கா கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி மூக்கு நுனியில். ஒரு கையில் உன் இந்திய சிம் போட்ட பழைய போன், இன்னொரு கையில் அவளுடைய போன். பழைய போனைப் பார்த்து ஒவ்வொரு எண்ணாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். "நாலு... ஏழு... ஒண்ணு..." நீதான் பேசுகிறாய் என்று முதலில் நினைத்தேன். அங்கே அப்போது மத்தியானம், நீ வேலையில் இருப்பாயே என்று உறைத்ததும் போனைப் பிடுங்கினேன். அந்தப் பக்கம் ஒரு பையன் குரல், நல்ல தமிழ். "மீதி மூணு நம்பரையும் சொல்லுங்கம்மா, இல்லாட்டி கார்டு பிளாக் ஆயிடும்" என்றான்.

பணம் போகவில்லை. ஆனால் அக்கா அழுதுவிட்டாள். "புள்ளைக்குச் சொல்றாப்பலதானடா தம்பி சொன்னேன்" என்றாள்.

அந்தச் சொல் அன்று ராத்திரி என்னைத் தூங்கவிடவில்லை. அவள் சொன்னது உண்மைதான். நீ பிரான்சுக்குப் போன நாளிலிருந்து டிக்கெட் போடுவதற்கும், தங்கைக்குப் பணம் அனுப்புவதற்கும் அவளைக் கூப்பிட்டு ஓ.டி.பி.யைப் படிக்கச் சொல்கிறாய். யாரிடமும் சொல்லாதீர்கள் என்று வங்கி அந்த எஸ்.எம்.எஸ்.ஸிலேயே எழுதி அனுப்புகிறது. அதை மீறலாம் என்று அவளுக்குப் பழக்கியது நாம்தான். நாம் என்றுதான் சொல்கிறேன், ஏனென்றால் பலமுறை பக்கத்திலேயே இருந்து பார்த்துவிட்டு நானும் பேசாமல் இருந்திருக்கிறேன். வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்தே தலை நரைத்த எனக்கு அது தப்பு என்று தெரியும். ஒருவனுக்குச் சொல்லிப் பழகிய வாய் இன்னொருவனுக்கும் சொல்லும். குரலை வைத்து ஆளைப் பிரித்தறியும் வேலையை அறுபத்தெட்டு வயசுக்காரியிடம் விடலாமா?

2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி ஒரு விதி போட்டது. உன் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் வேறெங்கோ நடந்த கோளாறில் பணம் போனால், 3 வேலை நாளுக்குள் வங்கிக்குத் தெரிவித்துவிட்டால் உனக்கு நஷ்டமில்லை. ரகசிய எண்ணை நாமே சொல்லிக் கொடுத்திருந்தால், புகார் கொடுக்கும் வரை போன பணம் முழுக்க நம் தலையில்தான். அக்கா சொன்னாலும் நீ சொன்ன கணக்குதான்.

அதனால் முதல் வேலை அந்த சிம்மை அவளிடமிருந்து எடுப்பது. எதிர்வீட்டுத் தம்பதி அடுத்த மாதம் பாரிஸ் பக்கம் சார்செலில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறார்கள், அவர்களிடம் சிம்மைக் கொடுத்தனுப்புகிறேன். உன் போனில் இரண்டாவது சிம்மாகப் போட்டு, ரோமிங்கைத் திறந்து வை. ரீசார்ஜை விட்டுவிடாதே. விட்டால் எண் செத்துப்போகும், பிறகு வேறு யாருக்கோ போய்விடும்.

கார்டை அவர்கள் கையில் கொடுக்க மாட்டேன். நம்பிக்கை இல்லாமல் சொல்லவில்லை. 1962-ல் பிரெஞ்சுக் குடியுரிமையா இந்தியக் குடியுரிமையா என்று நம் ஜனங்கள் எழுதிக் கொடுத்த காலத்திலிருந்து, பாரிசுக்குப் போகிறவர் பெட்டியில் ஊறுகாயும் கருவாடும் பத்திரங்களும் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. ஆனால் கார்டும் அதன் சாவியும் ஒரே பெட்டியில் போகக் கூடாது. நான் வேலை பார்த்த காலத்தில் எங்கள் கிளையில் கார்டு ஒரு நாள் வரும், பின் நம்பர் கவர் இன்னொரு நாள் வரும். கார்டுக் கட்டு ஒரு அதிகாரியிடம், பின் கட்டு வேறொரு அதிகாரியிடம். இரண்டும் ஒரே ஆள் கையில் சேரவே கூடாது என்பதில் அப்படிக் கண்டிப்பு. இன்றைக்கு அந்தப் பின் கவரின் வேலையைச் செய்வது உன் சிம்தான். சிம் வந்து நீ போனில் போட்ட பிறகு கார்டைத் தபாலில் அனுப்புவேன்.

கார்டின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னாயாம். வேண்டாம். அந்தப் படம் அக்கா போனிலும் உன் போனிலும் என்றைக்கும் கிடக்கும். கவர் ஒட்டியபடியே உன் கைக்கு வரட்டும்.

இன்னொன்று. கார்டு வந்த அன்றே கடையில் நீட்டி, வேலை செய்யவில்லை என்று பதறாதே. 2020-லிருந்து, புதிதாகக் கொடுக்கிற கார்டும் மாற்றிக் கொடுக்கிற கார்டும் இந்தியாவுக்குள் ஏ.டி.எம்.மிலும் கடை மெஷினிலும் மட்டும்தான் வேலை செய்யும். வெளிநாட்டுப் பயன்பாடும் ஆன்லைனும் பூட்டியே இருக்கும். அதை நீயே வங்கி ஆப்பில் திறந்து, ஒரு உச்சவரம்பும் போட வேண்டும். பின் நம்பரை ஆப்பிலேயே போட முடியுமா, இல்லை இங்குள்ள ஏ.டி.எம்.மில்தான் போட வேண்டுமா என்று வங்கியைக் கேள். ஏ.டி.எம்.மில்தான் என்றால் வீராம்பட்டினத்து ஆடித் தேருக்கு நீ வரும்வரை கார்டு இங்கேயே இருக்கட்டும். உனக்காக நான் போய்ப் போட மாட்டேன். உன் பின் எனக்கும் தெரியக் கூடாது.

அதுவரை அங்கே உன் பிரெஞ்சு வங்கிக் கார்டு, அந்தக் கார்த் ப்ளூ இருக்கிறது, சம்பளமும் அந்தக் கணக்கில்தான் வருகிறது. இங்குள்ள கணக்கு அம்மா செலவுக்கும் வீட்டு வரிக்கும்தான். அதற்கு நெட் பேங்கிங் போதும்.

நீ தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிற வேலை ஒன்று உண்டு. வெளிநாட்டில் வேலைக்குக் குடியேறியவன் பழைய சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாது, அதை வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும் என்பது சட்டம். மாற்றினால் உனக்கும் சௌகரியம். உன் பிரான்ஸ் எண்ணையே பதிவு செய்ய முடியுமா, அடுத்த கார்டை உன் விலாசத்துக்கே அனுப்புவார்களா என்று அப்போதே கேட்டுக்கொள். பல வங்கிகள் செய்கின்றன.

தபால் ஆபீசில் விசாரித்துவிட்டுத்தான் அனுப்புவேன். உள்ளே இருப்பது வங்கிக் கார்டு என்று மறைக்காமல் சொல்லிக் கேட்பேன், சில கூரியர்காரர்கள் அதை வாங்குவதில்லை. ஆனால் உன் பக்கத்தில் ஒரு குறை இருக்கிறது. நண்பன் பெயரில் இருக்கும் வீட்டில் பங்குக்குத் தங்கியிருக்கிறாய். அங்கே தபால்காரர் கதவு எண்ணை மட்டும் பார்ப்பதில்லை, கீழே உள்ள பெட்டியில் பெயரையும் பார்க்கிறார். பெயர் இல்லாவிட்டால், இந்த விலாசத்தில் ஆள் இல்லை என்று கடிதம் திரும்பிவிடும். போன தீபாவளிக்கு அக்கா அனுப்பிய பார்சல் அப்படித்தானே திரும்பி வந்தது!

அக்காவிடம் நேற்றே சொல்லிவிட்டேன், இனி யார் எண் கேட்டாலும், நீயே கேட்டாலும், "மாமாவைக் கேளு" என்று வைத்துவிடச் சொல்லி. உன்னிடம் அப்படிச் சொல்ல அவளுக்கு மனசு வராது. நீயே இன்றைக்குக் கூப்பிட்டு, "அம்மா, இனிமே நான் கேட்டாலும் சொல்லாதே" என்று உன் வாயால் சொல். அவள் இன்னும் பயந்துபோயிருக்கிறாள், கொஞ்ச நேரம் வேறு கதையும் பேசு.

பிறகு உன் பெயரைத் தபால் பெட்டியில் ஒட்டி, அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு.

இப்படிக்கு,
உன் மாமா