ஸ்டெல்லாரிஸ் பாடம்: முதலில் கிருஷ்ணகிரியைப் பிடிங்க!

பெங்களூரிலிருந்து ஓசூர் வழியா வர்ற ரோடு கிருஷ்ணகிரியில் பிரியும்: ஒன்று சென்னைக்கு, ஒன்று சேலத்துக்கு. அந்தச் சந்திப்பு யார் கையிலோ, ரெண்டு வழியும் அவங்க கையில்.

2016-ல் வந்த ஸ்டெல்லாரிஸ் கேமிலும் இதே கணக்குதான். ஆரம்பத்தில் கப்பல்கள் ஹைப்பர்லேன் வழியாத்தான் போகும். கண்ட பக்கமெல்லாம் அவுட்போஸ்ட் கட்டினா இன்ஃப்ளூயன்ஸ் தீர்ந்துடும். அதனால முதலில் இன்னொரு சயின்ஸ் ஷிப் கட்டி, பாதைகள் எங்கே சேருதுன்னு பாருங்க. அந்தச் சந்திப்பை சர்வே செஞ்சு அவுட்போஸ்ட் போடுங்க. தள்ளியிருந்தா செலவு கூடும், பரவாயில்லை. பார்டரை மூடிட்டா பக்கத்து எம்பயர் உள்ளே வர முடியாது. நடுவில் விட்ட சிஸ்டங்களை அப்புறம் நிதானமா நிரப்பலாம்.

ஒரே எச்சரிக்கை: போர் வந்தா மூடின பார்டர் தடுக்காது. அதனால ஸ்டார்பேஸை பலப்படுத்த வேண்டிய இடமும் அதே சந்திப்புதான்.