போலீசிங் படிப்பில் கடைசி வருடமா? அக்காவின் டிப்ஸ்

இங்கிலாந்திலோ வேல்ஸிலோ ‘புரொஃபஷனல் போலீசிங்’ பட்டப்படிப்பின் மூன்றாம் வருடத்துக்கு வந்துவிட்ட தங்கைக்கும் தம்பிக்கும் இந்த டிப்ஸ். டிசர்டேஷன், சட்டப் பாடங்கள், வேலை விண்ணப்பம் எல்லாம் இந்த வருடம் ஒன்றாகச் சேர்ந்து நெருக்கும். எல்லாவற்றிலும் உன்னிடம் கேட்கப்படுவது ஒன்றுதான்: “ஏன் அப்படி முடிவெடுத்தாய்?” அடுத்தவரை வழிமறிக்கவும் கைது செய்யவும் அதிகாரம் வாங்கப் போகிறாய். ஒவ்வொரு முடிவுக்கும் காரணம் சொல்ல இப்போதே பழகிக்கொள்.

1. பட்டம் வேறு, வேலை வேறு

இந்தப் படிப்புக்கு ‘காலேஜ் ஆஃப் போலீசிங்’ அமைப்பின் உரிமம் உண்டு. ஆனாலும் பட்டம் கைக்கு வந்ததும் வேலை தானாக வராது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வட்டாரக் காவல் படைகள் 43. ஒவ்வொன்றும் தனக்கு ஆள் தேவைப்படும்போதுதான் விண்ணப்பம் வாங்கும். உன் பட்டத்துக்கான நுழைவு வழி எல்லாப் படைகளிலும் எப்போதும் திறந்திருக்காது. பட்டம் பெற்ற 5 ஆண்டுகளுக்குள் சேரவும் வேண்டும். அதனால் ஒரே படையை நம்பி உட்காராதே. குடிபோக முடிகிற இரண்டு மூன்று ஊர்களின் அறிவிப்புகளையும் கவனித்து வா.

பிரிட்டிஷ் குடியுரிமை இல்லையா? காமன்வெல்த் நாட்டவர் என்ற முறையில் இந்திய, இலங்கைக் குடிமக்களும் விண்ணப்பிக்கலாம். ஆனால் பிரிட்டனில் காலக்கெடு இல்லாமல் தங்கும் உரிமை வேண்டும். மாணவர் விசா போதாது. இதை இன்றே பார்த்துவிடு.

2. டிசர்டேஷனுக்குக் கிடைக்கிற தரவைத் தேர்ந்தெடு

காவலர்களைப் பேட்டி எடுக்க ஆசை வரும். அதற்குப் பல்கலைக்கழகத்தின் நெறிக்குழு அனுமதி வேண்டும், காவல் படையின் சம்மதமும் வேண்டும். இரண்டுக்கும் காத்திருந்தே காலம் போய்விடும். பொதுவில் கிடைப்பதே நிறைய இருக்கிறது. தெருவாரியான குற்றப் பதிவுகள், வழிமறித்துச் சோதனையிட்ட விவரங்கள், தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் குற்றக் கணக்கெடுப்பு, காவல் ஆய்வாளரகத்தின் அறிக்கைகள் எல்லாமே இலவசம்.

எண்களை அப்படியே நம்பிவிடாதே. காவல்துறை பதிவு செய்யும் குற்ற எண்ணிக்கைக்கு இருந்த ‘தேசியப் புள்ளிவிவரம்’ என்ற தகுதி 2014-ல் நீக்கப்பட்டது. பதிவு செய்வதில் இருந்த குறைகளே காரணம். இதை ஆய்வுமுறை அத்தியாயத்தில் விளக்கு.

தலைப்பு சின்னதாக இருக்கட்டும். ஹெர்மன் கோல்ட்ஸ்டீன் 1979-ல் முன்வைத்த ‘பிரச்சினையை மையமாகக் கொண்ட காவல்’ நல்ல தொடக்கம். கான்சாஸ் சிட்டியில் 1972-73-ல் நடந்த ரோந்துச் சோதனையையும் படி. சில பகுதிகளில் வழக்கமான ரோந்தை நிறுத்தினார்கள், சிலவற்றில் இரண்டு மூன்று மடங்காக்கினார்கள், மற்றவற்றில் அப்படியே விட்டார்கள். குற்றத்திலோ மக்களின் பயத்திலோ பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ‘எப்போதும் இப்படித்தானே செய்கிறோம்’ என்பது ஒரு காரணம் ஆகாது என்பதற்கு இது வலுவான சான்று.

3. சட்டத்தை வாய்விட்டுச் சொல்லிப் பழகு

1984-ம் ஆண்டின் ‘பேஸ்’ சட்டத்தை மனப்பாடம் செய்தால் மட்டும் போதாது. வீட்டில் யாரையாவது எதிரே நிறுத்தி, ஒருவரைச் சோதனையிடும் முன் சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார். எதனால் சந்தேகம், எதைத் தேடுகிறாய், உன் பெயர், உன் நிலையம், எந்தச் சட்டப்படி, அவர் இப்போது நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறார் என்ற தகவல், பதிவின் நகல் பெற அவருக்குள்ள உரிமை. சீருடையில் இல்லையென்றால் வாரன்ட் கார்டையும் காட்ட வேண்டும். குரல் உயராமல், தடுமாறாமல் வரும்வரை விடாதே.

கூடவே ஏன் இவ்வளவு விதிகள் என்பதையும் படி. பிரிக்ஸ்டன் கலவரத்துக்குப் பின் 1981-ல் வந்த ஸ்கார்மன் அறிக்கை, ஸ்டீபன் லாரன்ஸ் கொலை விசாரணையின் தோல்வியை அலசி ‘நிறுவனமயமான இனவெறி’ என்று 1999-ல் சொன்ன மெக்ஃபர்சன் அறிக்கை, லண்டன் பெருநகரக் காவல்துறை குறித்து 2023-ல் வந்த கேசி அறிக்கை: மூன்றையும் வரிசையாகப் படித்தால் மக்கள் ஏன் நம்பிக்கை இழக்கிறார்கள் என்பது புரியும். நம் பிள்ளைகள் இந்த அறிக்கைகளை அறிந்து உள்ளே போக வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

4. வெட்டிங்கில் எதையும் மறைக்காதே

பின்னணிச் சரிபார்ப்பில் உன்னைப் பற்றி மட்டும் கேட்க மாட்டார்கள். பெற்றோர், உடன்பிறந்தவர்கள், துணை, ஒரே வீட்டில் இருப்பவர்கள் விவரமும் கேட்பார்கள். அதனால் வீட்டில் முன்கூட்டியே பேசிவிடு. கடன் பாக்கி, நீதிமன்றம் வரை போன பணத் தகராறு, பழைய சமூக வலைதளப் பதிவுகள் எல்லாம் பார்க்கப்படும். கடன் இருந்தால் இப்போதே தவணை பேசிக் கட்டத் தொடங்கு. சின்ன வயதுத் தவறு ஒன்று இருந்தால் அதை எழுதிவிடு. சொன்ன விஷயத்தை எடைபோட்டுப் பார்ப்பார்கள். மறைத்தது தெரிந்தால் உன் நேர்மையே கேள்விக்குள்ளாகும்.

5. அனுபவமும் உடம்பும்

நேரம் கிடைத்தால் ஸ்பெஷல் கான்ஸ்டபிளாகச் சேர். சம்பளம் இல்லாத பணிதான், ஆனால் முழுக் காவல் அதிகாரத்தோடு வேலை பழகலாம். அது முடியாவிட்டால் பாதிக்கப்பட்டோருக்கு உதவும் அமைப்பில் தொண்டு செய். நேர்காணலில் சொல்ல உண்மையான அனுபவம் கிடைக்கும்.

உடற்தகுதிக்கு 15 மீட்டர் தூரத்தை ஒலிக்கேற்ப மாறி மாறி ஓடி, 5.4 நிலையைத் தொட வேண்டும். நான்கு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். வாரம் மூன்று நாள் ஓடினால் பயமே வேண்டாம்.

குடும்ப வன்முறை, குழந்தைகள் மீதான கொடுமை பற்றிய பாடங்கள் மனதை அழுத்தும். ராத்திரி தூங்கும் முன் அவற்றைப் படிக்காதே. பாரமாக இருந்தால் பல்கலைக்கழக ஆலோசகரிடம் போய்ப் பேசு. உதவி கேட்கத் தெரிந்தவர்தான் நாளைக்கு இன்னொருவரையும் ‘உதவி கேள்’ என்று தைரியமாகச் சொல்ல முடியும்.

இந்த வாரமே ஒரு நோட்டு வாங்கு. படிப்பிலோ பகுதிநேர வேலையிலோ நீ எடுத்த ஒரு முடிவை வாரம் ஒருமுறை எழுது. என்ன தெரிந்திருந்தது, என்னென்ன வழிகள் இருந்தன, ஏன் இதைத் தேர்ந்தாய், விளைவு என்ன. நேர்காணலுக்குத் தயாராக இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. வேலையில் சேர்ந்த பிறகும் எழுதுவதை நிறுத்தாதே.